டெஸ்டர் எரியும், மோட்டார் ஓடாது: தெற்கு பஜார் கம்ப்யூட்டர் கடை

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்தக் கடை. போர்டு வெயிலில் உரிந்து 'யூட்டர் சர்வீஸ்' என்றுதான் படிக்க வரும். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். கல்லாவில் அண்ணன், ரிப்பேர் மேசையில் தங்கை. இது தெரியாமல் முதல் நாள் அண்ணனிடம் பத்து நிமிஷம் என் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் தங்கச்சிகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி, நான் துட்டு வாங்கிப் போட மட்டும்தான்" என்றார்.

நெட் வரவில்லை, மெதுவாக வருகிறது என்று போகிறவர்களுக்கு எந்தக் கடையும் போதும். என் கேஸ் அப்படி இல்லை. நெட் வந்தது. யூடியூப் தடங்கலில்லாமல் ஓடியது. ஒரே ஒரு வேலை மட்டும் நடக்கவில்லை, அதுவும் வெளியே சொன்னால் யாருக்கும் புரியாத வேலை. பன்னிரண்டு நாள் அலைந்தேன். இந்தக் கடையில் ஒரே சாயங்காலத்தில் 400 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார்கள்.

நான் மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். என் மகள் இயற்பியல் படித்தவள். கல்யாணமாகிப் போகும்போது அவளுடைய கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுவிட்டாள். அதில் போயிங்க் என்று ஒரு மென்பொருள் போட்டு வைத்திருந்தாள். விமானம் செய்கிற போயிங் இல்லை, இது வேறு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரத்தை ஆராய்ச்சிக்காரர்களுக்கு இனாமாகக் கொடுக்கிற ஏற்பாடு. அவர்கள் கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புவார்கள். நம் மெஷின் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான்.

அவள் சேர்ந்திருந்தது ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற திட்டத்தில். 2005ல் தொடங்கியது. தொலைநோக்கிகள் அள்ளி வைத்த தகவலுக்குள் நியூட்ரான் நட்சத்திரங்களின் துடிப்பைத் தேடுகிறார்கள். 2010ல் அப்படித் துடிக்கிற நட்சத்திரம் ஒன்று புதிதாக அகப்பட்டது, பல்சார் என்பார்கள். அதைக் கண்டது அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும் ஜெர்மனியில் ஒருவருடைய கம்ப்யூட்டரும். எல்லாம் என் மெஷின் மாதிரி வீட்டு மெஷின்கள்தான். மகள் இதைச் சொன்ன அன்றே எனக்கு இதில் பிடிப்பு வந்துவிட்டது. ஒரே கணக்கை இரண்டு பேர் மெஷினுக்குக் கொடுத்து, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். என் விடை போகாவிட்டால் எங்கேயோ இன்னொருவர் போட்ட கணக்கும் எனக்காகக் காத்துக் கிடக்கும்.

கரண்ட் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள், அந்தக் கணக்கை என்னைவிட யார் சொல்வது. என் மெஷின் ஓடும்போது சுமார் 100 வாட் இழுக்கிறது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை எட்டு வரை ஓட்டினால் ஒரு யூனிட். நாள் முழுக்க ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 144 யூனிட் ஆகிவிடும், முதல் 100 யூனிட் இலவசத்தை அது ஒன்றே தின்றுவிடும். அதனால் எனக்கு ராத்திரி மட்டும். சித்திரை, வைகாசியில் அதுவும் பாதி வேகத்தில்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். ஐப்பசியில் ஒரு நாள் மதியம் இடி விழுந்து ரௌட்டர் போய்விட்டது. ஊருக்கெல்லாம் எர்த் போடச் சொன்ன ஆள் வீட்டில் இடிக்குப் பிளக்கைப் பிடுங்கி வைக்கவில்லை என்று என் சம்சாரம் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். புது ரௌட்டர் வாங்கினேன். நெட் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, யூசர் நேம் பாஸ்வேர்டு அடித்து, பச்சை விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மானிட்டரைப் போட்டுப் பார்த்தால், முடித்த வேலை ஒன்றும் வெளியே போகவில்லை. போயிங்க்கில் 'டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் 11 கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் துளி நகரும், அப்படியே நிற்கும், ஐந்து நிமிஷத்தில் தோற்றுப்போகும். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து மறுபடி முயற்சி செய்யும், அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் கழித்து, இப்படி இடைவெளி கூடிக்கொண்டே போய்க் கடைசியில் மணிக்கணக்காகும். முடித்த வேலையைக் கணக்கில் சேர்க்கவும் முடியவில்லை, புது வேலை கேட்கவும் முடியவில்லை. மூன்றாம் நாளோடு கையிருப்பு தீர்ந்து மெஷின் சும்மா கிடந்தது.

இதில் என்னை ஏமாற்றியது போயிங்க்கின் லாக் பக்கம். ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு அது கூகுளைத் தட்டிப் பார்க்கும். கூகுள் திறந்தால், "இன்டர்நெட் சரியாக இருக்கிறது, திட்டத்தின் சர்வர்தான் தற்காலிகமாக நின்றிருக்கலாம்" என்று எழுதிவிடும். நானும் நம்பினேன். பல்கலைக்கழகத்துச் சர்வர், பராமரிப்பு வேலை நடக்கும் போல என்று நான்கு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் செல்போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு அந்தத் திட்டத்தின் சர்வர் நிலைப் பக்கத்தைத் திறந்தால், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவரவர் வேலை போய்க்கொண்டுதான் இருக்கிறது, என்னுடையது மட்டும்தான் தேங்கி நிற்கிறது.

ஒவ்வொரு வேலைக்கும் 14 நாள் கெடு. அதற்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் ராத்திரி கரண்ட் கொடுத்துப் போட்ட கணக்கெல்லாம் வீண்.

நெட் கம்பெனிக்கு போன் செய்தேன். பெயர் வேண்டாம், யாராக இருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பண்ணினேன். ஆள் அனுப்பினார்கள். வந்த தம்பி செல்போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டார். இறங்கும் பக்கம் 98 காட்டியது. ஏறும் பக்கம் முள் எழும்பவே இல்லை. "டெஸ்ட் சர்வர் பிஸியா இருக்கு சார், உங்க லைன் சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு முறை போன் செய்தபோது, மாதம் கூடுதலாகக் கட்டி ஸ்டேட்டிக் ஐ.பி., அதாவது நம் இணைப்புக்கு மாறாத முகவரி, வாங்கினால் சரியாகும் என்றார்கள். அண்ணன் மகன் ஒருத்தன் ரௌட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வருகிற வாசல், திறந்துவிட வேண்டும் என்றான். இரண்டுமே தேவையில்லாத செலவு, வேலை என்று பிறகுதான் தெரிந்தது. போயிங்க் வெளியே போய்ப் பேசுகிற ஜாதி. பிரவுசர் மாதிரியே 80, 443 என்ற வாசல்கள் வழியாகத்தான் போகும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை.

நானாகவும் சும்மா இருக்கவில்லை. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். சைட்டின் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டி.என்.எஸ். சர்வரை மாற்றிப் பார்த்தேன். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போட்டேன். ஒன்றும் மசியவில்லை.

பதினோராம் நாள்தான் இந்தக் கடைக்குப் போனேன். தங்கைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு லேப்டாப்பின் கீலைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். அவள் போயிங்க் பெயரையே கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேட்ட மூன்று கேள்வியும் அளந்து கேட்ட கேள்வி.

"ரௌட்டர் மாத்துனதுக்கு முன்னாடி போச்சா அண்ணாச்சி?"

போச்சு.

"வாட்ஸாப்ல போட்டோ அனுப்புனா போவுதா?"

யோசித்துப் பார்த்தேன். பேரனுக்குப் படம் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாசலுக்குப் போய் மொபைல் டேட்டாவில் அனுப்புவேன். வைஃபை உள்ளறைக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சில சைட்டு மட்டும் உள்ள போகாம சுத்துதா?"

சுத்துது தாயி, பேங்க் சைட்டு.

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வாரேன். அதுவரைக்கும் ஒண்ணையும் அழிச்சிராதீங்க."

ஐந்து என்றவள் ஆறே காலுக்கு வந்தாள். சம்சாரம் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் கம்ப்யூட்டரை ரௌட்டரிலிருந்து கழற்றிவிட்டு, தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாள். டிரான்ஸ்ஃபர் பக்கத்தில் ஒரே ஒரு கோப்பை மட்டும் தேர்ந்தெடுத்து 'மறுபடி முயற்சி' அமுக்கினாள். கண் மூடித் திறக்கும் முன் போய்விட்டது. பன்னிரண்டு நாளாக நின்ற கோப்பு! மீதியையும் அப்படியே தள்ளிவிட்டுவிடலாமே என்று நான் மௌஸுக்குக் கை நீட்டினேன். நெட்வொர்க்கை நிறுத்தி வைத்துவிட்டாள்.

"ஒண்ணு போதும் அண்ணாச்சி. மிச்சத்தச் சாட்சிக்கு வச்சுக்கிடுவோம். எல்லாத்தையும் அனுப்பிட்டா லைனு சரியாயிட்டா இல்லியான்னு எதை வச்சுப் பாக்க?"

நாற்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த ஃபோர்மேன் சொன்னாற்போல் இருந்தது. கம்ப்யூட்டரில் குற்றமில்லை, சர்வரில் குற்றமில்லை, குற்றம் என் வீட்டு லைனில் என்று இரண்டே நிமிஷத்தில் பிரித்துவிட்டாள்.

அடுத்து மறுபடி ரௌட்டரில் இணைத்து, கறுப்புத் திரையைத் திறந்து பிங் அடித்தாள். ஒரு பாக்கெட் அனுப்பி அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். அது எனக்குத் தெரியும், ஆனால் அவள் அடித்தது வேறு மாதிரி. பாக்கெட்டை வழியில் உடைக்கக் கூடாது என்று ஒரு குறியும், பாக்கெட் எவ்வளவு பெரிசு என்று ஒரு எண்ணும் சேர்த்து அடித்தாள். 1472 போட்டாள், பதில் இல்லை. 1400 போட்டாள், பதில் வந்தது. 1450 வந்தது. 1464 வந்தது. 1465 வரவில்லை. மறுபடி 1464, வந்தது. மறுபடி 1465, நான்கு முறையும் இல்லை. ஒரே ஒரு பைட் கூடினால் எமலோகம்.

"புரியுதா அண்ணாச்சி?"

புரியவில்லை. அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நெட்டில் எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டாகத்தான் போகும், ஒன்றுக்கு அதிகபட்சம் 1500 பைட். என் இணைப்பு யூசர் நேம் பாஸ்வேர்டு போட்டு ஏறுகிற வகை. பி.பி.பி.ஓ.இ. என்று பெயர். அந்த வகையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே 8 பைட் உறை போட்டாக வேண்டும். ஆகவே உள்ளே 1492தான் அடங்கும். பிங்கில் 1464 என்று போட்டால், பாக்கெட்டின் முகவரித் தலைப்பு 28 பைட் சேர்ந்து சரியாக 1492. புது ரௌட்டரில் அந்த இடத்தில் 1500 என்று இருந்தது. அது 1500ஐ நிரப்பி அதற்கு மேல் உறையும் போட்டு அனுப்ப, வீட்டுச் சுவரில் இருக்கிற ஃபைபர் பெட்டி 'இது என் வாசலில் நுழையாது' என்று சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது. போட்டுவிட்டேன் என்று திருப்பிச் சொல்லவும் இல்லை. கம்ப்யூட்டர் பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து ஐந்து நிமிஷத்தில் கைவிட்டது.

படம் பார்ப்பதற்கு இங்கிருந்து போவது சின்னச் சின்னக் கேள்விகள்தான். பெரிய பாக்கெட் எல்லாம் அங்கிருந்து வருபவை, அந்தப் பக்கம் கம்பெனிக்காரர்கள் அளவைச் சரியாக வைத்திருக்கிறார்கள். கூகுளைத் தட்டிப் பார்ப்பதும் ஒரு சின்னக் கேள்வி. அதனால்தான் போயிங்க் லாக்கில் 'இன்டர்நெட் சரி'.

எனக்கு அப்போது களக்காடு பக்கம் ஒரு வாழைத் தோட்டம் ஞாபகம் வந்தது. மோட்டார் ஓடவில்லை என்று புகார். போய் டெஸ்டரை வைத்தால் மூன்று ஃபேஸிலும் எரிகிறது. கரண்ட் இருக்கிறது, மோட்டார்தான் போச்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தோட்டக்காரர் மோட்டாரைக் கழற்றித் திருநெல்வேலி வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பக் கொண்டுவந்தார். கடைசியில் பார்த்தால் கம்பத்தில் ஒரு ஜம்பர், கம்பியோடு கம்பியை இணைக்கிற துண்டு வயர், லூஸ். டெஸ்டருக்கு வேண்டிய கரண்ட் அதில் வரும். மோட்டார் இழுத்தால் வராது. டெஸ்டரை நம்பாதே, லோடு போட்டுப் பார் என்று அன்று படித்தது. நாற்பது வருஷம் கழித்து என் வீட்டிலேயே பச்சை விளக்கைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, "அதேதான் அண்ணாச்சி, நான் ரெண்டு வருஷமா இதை எப்பிடிச் சொல்லன்னு தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். இப்போது கடையில் வருகிறவர்களுக்கு மோட்டார் கதையைத்தான் சொல்கிறாளாம், அண்ணன் சொன்னார்.

சரிசெய்ய ஆன நேரம் அரை நிமிஷம். ரௌட்டரின் செட்டிங் பக்கத்தில் இன்டர்நெட் இணைப்பு என்ற பகுதிக்குள் எம்.டி.யு. என்று ஒரு கட்டம், ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு அதுதான். 1500ஐ அழித்து 1492 என்று அடித்தாள். சேமித்தாள். ரௌட்டர் இறங்கி ஏறியது. போயிங்க்கில் நெட்வொர்க்கைத் திறந்துவிட்டு, நிலுவையில் இருப்பதை அனுப்பு என்று சொன்னோம். பத்தும் இரண்டு இரண்டாக மளமளவென்று போய் வரிசை காலியானது. சம்சாரம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன கைதட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

மூன்று வேலைக்குக் கெடு முடிந்துவிட்டிருந்தது. மீதி எட்டும் தப்பித்தன. ஒன்றுக்கு இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது.

போகிறபோக்கில் அவள் இன்னொன்றும் செய்தாள், நான் கேட்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் வயர் மடங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பீரோவை நகர்த்தச் சொன்னாள். பெட்டியின் பக்கத்தைத் திறந்து ஒளி அளவைப் பார்த்தால் மைனஸ் 26. மைனஸ் 27க்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரிந்து லைனே போய்விடலாம் என்றாள். மடிப்பை எடுத்துத் தட்டு அகலத்துக்கு வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினாள். மைனஸ் 21க்கு வந்தது. கம்பி என்றால் மடங்கினாலும் கரண்ட் போகும், கண்ணாடி இழை அப்படி இல்லை, வளைவில் வெளிச்சம் கசிந்துவிடும். இது எனக்குப் புதிது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரமாட்டாள், ஒரு மணி நேரம் சேர்த்தே கணக்கு வையுங்கள். கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும். மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், அண்ணன் உள்ளே படுத்திருப்பார், எழுப்பினால் முகம் சுளிப்பார். பில் கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் '400' என்று மட்டும் எழுதித் தருவார். எதற்கு, என்றைக்கு, யாருக்கு, ஒன்றும் இருக்காது. புதுப் பொருள் அங்கே வாங்க வேண்டாம், விலை கூட. லேன் கேபிள் ஒன்று வாங்கினேன், அடுத்த தெருவில் அதே கேபிள் 40 ரூபாய் குறைவு.

வேலை முடிந்து இப்போது ஏழு மாதம் ஆகிறது. அப்புறம் ஒரு அப்லோடுகூட நிற்கவில்லை. சித்திரையில் வெயிலுக்காக நானே நிறுத்தி வைத்தது தவிர. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் அந்தக் காலண்டர் தாளுக்காகக் குறைத்தது.

ரௌட்டரைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதன் அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கடையில் இருக்கிற 12 வோல்ட் அடாப்டரின் பின் எல்லாவற்றுக்கும் சேராது. முதல் நாள் நான் அது இல்லாமல் போய், மதிய வெயிலில் மகாராஜ நகர் வரை திரும்பி வந்து எடுத்துப் போனேன்.